தட்டின் விலையைக் கடைசியில் கேளுங்கள்

விமான நிறுவனத்துக்குப் புதிய சாப்பாட்டு ஒப்பந்தம் போடும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், எல்லோரும் முதலில் நீட்டுவது தட்டுக்கு இத்தனை ரூபாய் என்ற தாளைத்தான். அதை ஓரமாக வையுங்கள். அந்தச் சமையலறை ஒரு நாள் நின்றுபோனால் பயணிக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் வைத்திருப்பவரிடம் மட்டும் விலை பேசுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் தென்கொரியாவில் 2018-இல் நடந்தது. ஏசியானா ஏர்லைன்ஸ் பல வருடங்களாக எல்எஸ்ஜி ஸ்கை ஷெஃப்ஸிடம் இருந்த சாப்பாட்டு ஒப்பந்தத்தை கேட் கோர்மேவுக்கு மாற்ற முடிவெடுத்தது. அதற்காகக் கட்டிவந்த சமையலறையில் மார்ச் மாதம் தீப்பிடித்தது. இடைக்காலத்துக்கு ஒரு சிறு நிறுவனத்தைப் பிடித்தார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,000 சாப்பாடு கொடுத்துப் பழகிய இடம் அது. ஏசியானாவுக்கோ 20,000-க்கு மேல் வேண்டும். ஜூலை 1 அன்று விமானங்கள் வரிசையாகத் தாமதமாயின. பல விமானங்கள் சாப்பாடே ஏற்றாமல் கிளம்பின. சமைப்பதைவிட, சமைத்ததை விமானவாரியாகப் பிரித்து, டிராலியில் அடுக்கி, நேரத்துக்கு ஏற்றுவதில்தான் பெரிய சிக்கல். இந்தத் தொழிலின் பாதிக்கு மேல் அந்த வேலைதான்.

உலகப் பெருநிறுவனங்களிடம் போனால் பல ஊர்களில் சமையலறை இருக்கும், ஒரே தரம் கிடைக்கும். ஆனால் அவர்களுடைய எண்ணிக்கை குறைந்துவருகிறது. எல்எஸ்ஜியின் ஐரோப்பியத் தொழிலை 2020-இல் கேட் கோர்மேவின் தாய் நிறுவனமான கேட்குரூப் வாங்கிவிட்டது. மிச்சத்தை அதன் உரிமையாளரான லுஃப்தான்சா 2023-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. போட்டியாளர் குறைந்த ஊரில் சின்ன வாடிக்கையாளரின் குரல் எடுபடாது. பெரிய வாடிக்கையாளருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2005 ஆகஸ்டில் லண்டன் ஹீத்ரோவில் கேட் கோர்மே 600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை நீக்கியது. பெரும்பாலோர் தெற்காசியப் பெண்கள். அவர்களுக்கு ஆதரவாக, கேட் கோர்மேவின் பெரிய வாடிக்கையாளரான பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரைப் பணியாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் தவித்தார்கள். எனவே விலைப் பட்டியலோடு சம்பளப் பட்டியலையும் கேளுங்கள். கூலியைக் குறைத்துக் கொடுக்கும் விலை நிலைக்காது.

இந்தியாவில் கிளம்பும் விமானத்துக்கு நான் உள்ளூர் அனுபவமுள்ள நிறுவனங்களையே முதலில் பார்ப்பேன். தாஜ் ஹோட்டல் குழுமமும் சிங்கப்பூரின் சாட்ஸும் சேர்ந்து நடத்தும் தாஜ்சாட்ஸ் அப்படி ஒன்று. வெங்காயம் பூண்டில்லாத ஜைன உணவு, அசைவத்தோடு கலக்காத சைவ வரிசை எல்லாம் இவர்களுக்கு அன்றாட வேலை. காலை விமானத்துக்கான இட்லி இரவே வெந்து குளிரூட்டப்பட்டிருக்கும். வானில் சூடாக்கும்போது அது வறண்டுபோகாமல் இருக்கிறதா என்று நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள்.

சொந்தச் சமையலறை எமிரேட்ஸ் போல ஒரே தாய் விமான நிலையத்திலிருந்து பெரும் எண்ணிக்கையில் பறப்பவர்களுக்கே கட்டுப்படியாகும். சொந்தம் என்பதாலேயே சுத்தம் வந்துவிடாது. 1975 பிப்ரவரியில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் காலை உணவு சாப்பிட்ட 190-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அலாஸ்காவின் ஆங்கரேஜில் அந்நிறுவனத்தின் துணை நிறுவனச் சமையலறையில் உணவு தயாரித்த ஒரு சமையல்காரரின் விரலில் சீழ்ப்புண். அவர் கைபட்ட ஹாம் மணிக்கணக்கில் குளிரூட்டப்படாமல் இருந்தது.

சென்னை–கொழும்பு போன்ற குறுகிய தடத்தில் திரும்பும் பயணத்துக்கான சாப்பாட்டையும் இங்கிருந்தே ஏற்றிவிடலாம். ஆனால் எடை கூடும்; விமானம் அங்கே தாமதமானால் குளிர் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஆகாசா ஏர் வழியில் சாப்பாட்டை விற்பனைக்கு மட்டும் வைத்தால் செலவு மிகக் குறைவு. முன்பதிவை ஊக்குவித்தால் வீணாவதும் குறையும்.

முடிவுக்கு முன் ஒரு நாள் அதிகாலை சமையலறையின் ஏற்றுமிடத்தில் போய் நில்லுங்கள். விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கும் ஹைலிஃப்ட் லாரிக்குப் போகும் டிராலியிலிருந்து ஏதாவது ஒரு பெட்டியை நீங்களே எடுத்து, அலுமினியத் தாளைத் துளைத்து வெப்பமானியைச் செருகச் சொல்லுங்கள். 5 டிகிரிக்குக் கீழே காட்டுகிறதா? அதே டிராலியின் சீட்டில் எழுதியிருக்கும் அளவோடு ஒத்துப்போகிறதா? தயங்காமல் செருகிக் காட்டும் இடத்தில் மேற்கொண்டு பேசுங்கள். பிறகு உங்கள் முழு அட்டவணையையும் ஒரே நாளில் ஒத்திகையாக ஏற்றச் சொல்லுங்கள். அதில் தேறிய பின் பழைய ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி குறியுங்கள்.