கபடி அணிக்கு மதிப்பெண் போடும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

நாமக்கல்லில் இருந்துகொண்டு கபடிக்கு ஒரு மேனேஜர் கேம் எழுதுகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. கால்பந்துக்கு ‘ஃபுட்பால் மேனேஜர்’ எத்தனையோ வருஷமாக இருக்கிறது. நம்ம ஆட்டத்துக்கும் ஒன்று வரத்தான் வேண்டும். நீ அனுப்பியதை ஆடிப் பார்த்தேன். ஏழு பேருக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று போட்டு, சராசரி எடுத்து, அதையே அணியின் பலம் என்று வைத்திருக்கிறாய். அதை மாற்று.

2019 தமிழ் தலைவாஸ் கபடி அணியை எடுத்துக்கொள். ராகுல் சவுத்ரி, அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர் எல்லாரும் ஒரே அணியில். உன் கணக்குப்படி கோப்பையே அவர்களுக்குத்தான். ஆனால் 22 ஆட்டத்தில் 4 வெற்றி, பட்டியலில் கடைசி இடம். 2022இல் பவன் செராவத்தை ஏலத்தில் 2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு வெளியே போனார். உன் கேமில் அந்த அணி அத்தோடு படுத்திருக்கும். நிஜத்தில் புதுமுகம் நரேந்தர் 200க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தார். சாகரும் சாஹிலும் பிடிக்கிற வரிசையின் இரண்டு ஓரங்களான கார்னர்களைப் பார்த்துக்கொண்டார்கள். தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது.

ரெய்டுக்குப் பாடிப் போவது ஒரு நேரத்தில் ஒருத்தன்தான், அதுவும் 30 நொடி. மூன்றாவது ரெய்டருக்கு 95 போட்டாலும் பெரும்பாலான நேரம் அவன் பிடிக்கிற வரிசையில்தான் நிற்பான். அங்கே அவன் 40 தேறினாலே பெரிது. அதனால் ஆளுக்கு ஒரே எண் வேண்டாம், நிற்கிற இடத்துக்கு ஒன்று கொடு.

பிடியைக் கவனி. கார்னர் கணுக்காலைப் பிடித்துவிட்டான். கண் இமைப்பதற்குள் உள்பக்கம் நிற்கும் கவர் வந்து இடுப்பில் விழவில்லையென்றால், ரெய்டர் அவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். கவர் தாமதமாக வந்து கை வைத்தால் இன்னும் மோசம், இரண்டு பேரும் வெளியே. கார்னர் 90, கவர் 50 என்றால் நீ 70 என்கிறாய். அந்தப் பிடி 50கூடத் தாங்காது. இங்கே கூட்டாதே, பெருக்கு. இருவரும் எத்தனை ஆட்டம் சேர்ந்து நின்றிருக்கிறார்கள் என்பதையும் அந்தப் பெருக்கலில் சேர்.

களத்தில் பிடிப்பவர்கள் எத்தனை பேர் என்பதும் கணக்கில் வரட்டும். ஆறு பேருக்குக் குறையாமல் நின்றால்தான் ரெய்டருக்குப் போனஸ் கோடு. மூன்றோ அதற்குக் கீழோ ஆனால் பிடிப்பவர்களுக்குச் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. ஆள் குறைந்த நேரத்தில்தான் நிதானமான கார்னரின் அருமை தெரியும். அந்த நிதானத்துக்கு உன் பட்டியலில் கட்டமே இல்லை.

ராசிபுரம், மோகனூர்ப் பக்கம் நோன்பிக்குக் கபடி போட்டால் நோட்டோடு போய் உட்கார். பாடிப் போகிறவனை விட்டுவிட்டு, லெஃப்ட் கார்னரையும் பக்கத்துக் கவரையும் மட்டும் பார். கார்னர் இறங்கியபோது கவர் எத்தனை தரம் கூடவே இறங்கினான், எத்தனை தரம் நின்றுவிட்டான் என்று குறித்து எனக்கு அனுப்பு. அந்த எண்ணிலிருந்து சூத்திரத்தை மறுபடி எழுதலாம்.

அன்புடன்,
அண்ணன்