உருவம் மாறினால் வேலையும் மாறும்!



"புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி." இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணிட்டு நாம் அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். ஆனா அந்தச் சங்கிலி நீட்டிப் போட்ட கயிறு மாதிரி கிடப்பதில்லை. சுருண்டு, மடங்கி, தனக்கென்று ஓர் உருவம் எடுக்கிறது. அந்த உருவம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது.

முட்டையை வேகவைத்துப் பாருங்க. வெள்ளைக்கருவில் அமினோ அமிலங்களின் வரிசை மாறவில்லை. மடிப்பு கலைந்து, சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அதனால்தான் வழவழவென்று இருந்தது கட்டியாகிவிட்டது!

ஒன்றே ஒன்று மாறினால்?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் 4 சங்கிலிகள், மொத்தம் 574 அமினோ அமிலங்கள். பீட்டா சங்கிலியில் 6-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த ஜீனில் பிழை இருந்து, அந்த இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்தால் கதிர் அரிவாள் இரத்தசோகை வருகிறது. இந்த ஒற்றை மாற்றத்தை 1950-களில் கண்டுபிடித்தவர் வெர்னான் இங்ரம்.

குளுட்டாமிக் அமிலம் நீரோடு ஒட்டி உறவாடும். வேலினுக்கு நீர் ஆகாது. ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஹீமோகுளோபினின் உருவம் சற்று மாறுகிறது. அப்போது பக்கத்து மூலக்கூறில் உள்ள ஒரு குழியில் இந்த வேலின் போய்ப் பொருந்திக்கொள்கிறது. இப்படியே ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள் போல வளைகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. அந்தக் குழந்தைக்குத் தாங்க முடியாத வலி! இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-இல். எங்கே ஒட்டுகிறது என்று தெரிந்தால்தானே அதைத் தடுக்க மருந்து தேட முடியும்? அதற்கு உருவத்தைப் பார்த்தாக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது?

ஹீமோகுளோபினின் அகலம் சுமார் 6 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். மீன் வலையில் கொசு பிடிக்க முடியுமா? அதனால் வேறு வழிகள்:

1. எக்ஸ் கதிர் முறை: புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அது சிதறிப் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு அணுக்களின் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெருட்ஸ் 1937-இல் ஹீமோகுளோபினைக் கையில் எடுத்தார். புள்ளிகள் மட்டும் போதவில்லை. பாதரச அணுவைப் புரதத்தோடு சேர்த்து, புள்ளிகள் எப்படி மாறுகின்றன என்று ஒப்பிட்டார். உருவம் வெளியானது 1960-இல். 20 வருஷத்துக்கும் மேலான உழைப்பு! 1962-இல் ஜான் கென்ட்ரூவுடன் நோபல் பரிசு பெற்றார்.

2. என்.எம்.ஆர். முறை: படிகம் வேண்டாம். கரைசலில் இருக்கும் புரதத்தை வலுவான காந்தப் புலத்தில் வைத்து, எந்த அணு எதற்கு அருகில் என்று அறியலாம். சிறிய புரதங்களுக்கு நல்லது.

3. கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி: புரதக் கரைசலை நொடியில் உறையவைத்து, எலக்ட்ரான்களால் ஆயிரக்கணக்கில் படம் எடுத்து ஒன்று சேர்ப்பது. படிகமாகாத பெரிய புரதங்களுக்கு ஏற்றது. 2017 நோபல் இதற்குத்தான்.

4. கணினிக் கணிப்பு: அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் ஆல்ஃபாஃபோல்டு உருவத்தைக் கணித்துச் சொல்கிறது. 2024 நோபலில் இதற்கும் பங்கு. ஆனாலும் இது கணிப்புதான். ஆக்சிஜனோடு ஓர் உருவம், இல்லாமல் ஓர் உருவம் என்று மாறும் ஹீமோகுளோபின் போன்றவற்றைச் சோதனை செய்தும் பார்த்தாக வேண்டும்.

சரியா, தப்பா? சென்னை சொல்லும்!

கண்டுபிடித்த உருவம் சரிதானா என்று எப்படித் தெரியும்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் தன் குழுவினருடன் 1963-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். சங்கிலி எல்லாக் கோணத்திலும் திரும்ப முடியாது, அணுக்கள் முட்டிக்கொள்ளும். எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம் என்று காட்டுவதே ராமச்சந்திரன் வரைபடம். இன்றும் உலகில் எந்த ஆய்வகத்தில் புரத உருவம் கண்டாலும், இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். நமக்குப் பெருமைதானே!

யோசிங்க: கதிர் அரிவாள் நோய் உள்ளவரின் சிவப்பணு, நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றியதும் பெரும்பாலும் வட்டமாகவே இருக்கிறது. உடலுக்குள் ஆக்சிஜனை இறக்கிய பிறகுதான் வளைகிறது. ஏன்? விடை இந்தத் தாளிலேயே இருக்கு. கண்டுபிடித்தவர்கள் பயாலஜி வகுப்பில் கை தூக்குங்க!