முள்வேலியோரம் கிடந்த விமானம்: ஒரு விபத்தாய்வு கற்பிப்பது

1959 ஆம் ஆண்டு பிப்ரவரி 3 ஆம் நாள் காலை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பனி படர்ந்த வயலொன்றின் முள்வேலியோரம் ஓர் இலகு விமானம் நொறுங்கிக் கிடந்தது. பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் ஆகிய பாடகர் மூவரும், 21 வயதே நிரம்பிய விமானியும் அதில் மாண்டனர். முந்தைய இரவு கிளியர் லேக் என்னும் ஊரில் பாடி முடித்தவர்கள், வெப்பமூட்டும் கருவி பழுதுபட்ட பேருந்தில் மீண்டும் குளிரில் வாடாமல் அடுத்த ஊரை முன்கூட்டியே அடைய விரும்பினர். அதனால் வாடகைக்கு எடுத்த ஒற்றை எஞ்சின் பொனான்ஸா விமானம், நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 12.55 மணிக்கு மேசன் சிட்டி நிலையத்தை விட்டு எழுந்தது.

இறந்தோரின் புகழால் இவ்விபத்து இன்றளவும் பேசப்படுகின்றது. ஆயினும் கற்போர்க்கு அதனினும் பயனுடைய செய்தி ஒன்றுண்டு. உள்ளிருந்து கண்டவர் ஒருவரும் உயிரோடில்லாத நிகழ்ச்சியை ஆய்வாளர் எவ்வாறு மீட்டுரைத்தனர் என்பதே அது. செல்லரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு பாடம் காணும் பதிப்பாசிரியரின் பணியை ஒத்ததெனலாம்.

முதலிற் பேசியது நிலமே. வலப்பக்க இறக்கையின் நுனி முதலில் தரையைக் கிழித்திருந்தது. எனவே விமானம் வலப்புறம் செங்குத்தாய்ச் சாய்ந்து, மூக்குத் தாழ்ந்த நிலையில் மோதியது என்பது தெளிவு. அங்கிருந்து 540 அடி தூரம் சிதறல்கள் பரவியிருந்தன. அடுத்துப் பேசியவை கருவிகள். வேகமானியின் முள் மணிக்கு 165க்கும் 170க்கும் இடைப்பட்ட மைலில் சிக்கியிருந்தது. ஏற்ற இறக்கம் காட்டும் முள்ளோ நிமிடத்திற்கு 3,000 அடி இறக்கத்தைக் காட்டி நின்றது. சுழல்விசிறியின் அலகுகள் இரண்டும் அடியோடு முறிந்திருந்தமையால், மோதும் கணத்திலும் எஞ்சின் ஆற்றலுடன் இயங்கியமை புலனாயிற்று. பழுதற்ற விமானம் முழு வேகத்தில் மண்ணில் பாய்ந்திருக்கின்றது. ஏன்?

அன்றிரவு மென்பனி பெய்தது. நிலாவும் விண்மீனும் மேகத்துள் மறைந்தன. கீழேயோ விளக்குகள் அரிதான வயல்வெளி. அடிவானம் தெரியாதவிடத்து மனித உடல் தன்னையே ஏமாற்றும். சீராக வளைந்து செல்லுங்கால், உட்செவியிலுள்ள நீர்மம் சிறிது நேரத்தில் அவ்வளைவிற்குப் பழகிவிட, நேரே செல்வதாகவே உணர்வு தோன்றும். அந்நிலையில் கருவிகளையே நம்புதல் வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சியும் தேர்ச்சியும் தேவை. இவ்விளைஞர் 711 மணி நேரம் பறந்தவர். ஆனால் முந்தைய ஆண்டு கருவிவழிப் பறத்தல் தேர்வில் தவறியவர். அவரைப் பணியமர்த்திய நிறுவனத்திற்கும் கண்ணால் வழிகண்டு ஓட்டும் பறப்பிற்கே உரிமம் இருந்தது.

இனி வருவதே ஆய்வின் நுட்பமான பகுதி. விமானத்தின் நிலையைக் காட்டுவதற்கு அதில் ஸ்பெரி எஃப்3 என்னும் ஜைரோ கருவி பொருத்தப்பட்டிருந்தது. விமானியோ வழக்கமான செயற்கை அடிவானக் கருவியிற் பயின்றவர். மூக்கு மேலெழுவதையும் கீழிறங்குவதையும் ஸ்பெரி கருவி அதற்கு நேர்மாறாகக் காட்டும்! வளைந்து ஏறுகிறோம் என அவர் எண்ணியிருக்க, விமானம் வளைந்து இறங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். நிலையத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த உரிமையாளரும், வால்விளக்கு சிறிது சிறிதாகத் தாழ்ந்து மறைந்ததாகவே கூறினார். தடுமாறி வீழ்பவனின் வீழ்ச்சியன்று அது. அறியாமலே இறங்குபவனின் இறக்கம்.

வானிலை பற்றிய இரண்டு அவசர எச்சரிக்கைகள் புறப்பாட்டிற்கு முன்னரே வெளியாகியிருந்தன. விமானி பலமுறை வானிலை கேட்டும், அவை அவரிடம் தெரிவிக்கப்படவில்லை. 1959 செப்டம்பரில் வெளிவந்த வாரிய அறிக்கை, தகுதி பெறாத பறப்பை மேற்கொண்ட விமானியின் முடிவையே முதற்காரணமாக வைத்தது. எச்சரிக்கை மறைந்துபோன குறையையும் பழகாத கருவியையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. நடுநிலையான தீர்ப்புத்தான். எனினும், புகழ்மிக்க பயணிகள் காத்திருக்க, 'இன்று இயலாது' என்று சொல்லும் பொறுப்பை 21 வயதினர் ஒருவரிடமே விட்டவர்களின் பங்கு துணைக் காரணங்களுள்ளும் இடம்பெறவில்லை என்பது நம் நெஞ்சை உறுத்துகின்றது.

ஹாலியின் கைத்துப்பாக்கி பின்னர் அவ்வயலில் கிடைத்தபோது, விமானத்துள் யாரோ சுட்டனர் என்ற வதந்தி கிளம்பி நெடுங்காலம் உலவியது. 2007இல் ரிச்சர்ட்சனின் உடல் தோண்டியெடுத்து ஆராயப்பட்டது. துப்பாக்கிக் காயத்தின் சுவடே அதில் இல்லை. 2015இல் ஒருவர், எடைச் சமநிலை முதலியவற்றைச் சுட்டி, விமானியின் மேலுள்ள பழியை மீளாய்வு செய்யுமாறு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தை வேண்டினார். காட்டிய சான்றுகள் போதா என அவ்வாண்டே அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டது. 1959இல் எழுதப்பட்ட வாசகமே இன்றும் நிற்கின்றது.