அனுப்பியது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று!



இறுதியாண்டு வந்துவிட்டால் நமக்கு இரண்டு கவலை. ஒன்று புராஜக்ட், இன்னொன்று வேலைக்கு விண்ணப்பம். இரண்டுமே இன்று இ-மெயிலில்தான் போகின்றன. 'சென்ட்' பட்டனை அழுத்தியதும் "அப்பாடா, போயிடுச்சு" என்று எழுந்துவிடுகிறோம். போனது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கம் அது திறந்ததா, நாம் அமைத்த வடிவத்திலேயே தெரிந்ததா என்பது வேறு கேள்வி. நூறு ரெஸ்யூமே வரும் அலுவலகத்தில், திறக்காத ஒன்றுக்காக "தம்பி, இன்னொரு தடவை அனுப்புப்பா" என்று யாரும் போன் செய்ய மாட்டார்கள். அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார்கள். நமக்கோ காரணமே தெரியாது. இந்தச் சிக்கல் ஏன் வருகிறது, எப்படித் தவிர்ப்பது என்று நான் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நட்டும் போல்ட்டும்

ஒர்க்‌ஷாப்பில் எம்10 போல்ட்டைப் பார்த்திருக்கிறோம். சாதாரண மரையின் பிட்ச் 1.5 மி.மீ.; நுண்மரையில் 1.25 மி.மீ. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகிவிடும். போல்ட்டிலும் குற்றமில்லை, நட்டிலும் குற்றமில்லை, பொருத்தம்தான் இல்லை. மெயில் புரோகிராம்களின் கதையும் இதேதான்.

ரே டாம்லின்சன் 1971-ல் @ குறியை வைத்து, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக இன்னொன்றுக்கு முதல் மெயிலை அனுப்பினார். 1982-ல் எழுதப்பட்ட மெயில் விதிகள் 7 பிட் எழுத்துகளையே ஏற்றன. மொத்தம் 128 குறியீடுகள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் இதற்குள் அடங்கும். படம், டிராயிங், தமிழ் எதற்கும் இடமில்லை. 1992-ல் நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் 'மைம்' என்ற முறையை வகுத்தார்கள். மெயிலின் ஒவ்வொரு பகுதிக்கும் "இது எழுத்து, இது படம், இது இன்ன குறியீடு" என்று ஒரு லேபிள் ஒட்டுவதுதான் அந்த முறை. ஃபைல் எதுவாக இருந்தாலும் அதைச் சாதாரண எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். மூன்று பைட்டை எடுத்து, 24 பிட்டை ஆறு ஆறாகப் பிரித்து, நான்கு எழுத்தாக எழுதுகிறார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. முதலாவது, வழியில் ஃபைலின் கனம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 18 எம்.பி. ஃபைல் 24 எம்.பி.யைத் தாண்டிவிடும். ஜிமெயிலில் அனுப்பும் வரம்பு 25 எம்.பி. பெறுகிறவரின் சர்வரில் வரம்பு 20 என்றால் மெயில் திரும்பி வந்துவிடும். இரண்டாவது, நம் பக்கம் அப்படியே போட்டோ பிடித்தது போலப் போவதில்லை. எழுத்தும் லேபிளும்தான் போகின்றன. அங்கே உள்ள புரோகிராம் லேபிளைப் படித்து, தனக்குத் தெரிந்த வகையில் பக்கத்தைத் திரும்ப வரைகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மெயிலுக்குள் எழுதும்போது

கலர், டேபிள், பெரிய எழுத்து எல்லாம் வைத்து எழுதும் மெயில் ஹெச்.டி.எம்.எல். வடிவில் போகிறது. பெரும்பாலான புரோகிராம்கள் கூடவே சாதாரண எழுத்துப் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்புகின்றன. எதைக் காட்டுவது என்பது பெறுகிறவரின் புரோகிராம் கையில் இருக்கிறது. அவுட்லுக் 2007 பதிப்பில் ஹெச்.டி.எம்.எல். மெயிலை வரைய வேர்டு புரோகிராமின் முறை வந்தது. அதனால் பிரவுசரில் அழகாகத் தெரியும் மெயில் அங்கே இடைவெளி மாறித் தெரியலாம்.

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி மார்க் லிஸ்ட்டை நேர் செய்யும் பழக்கமும் ஆகாது. எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவில்தான் அந்த வரிசை நிற்கும். வேறு எழுத்துருவில் கோணல் மாணலாகப் போய்விடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1990-களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டப்படி ஒரு குறியீடு வைத்திருந்தது. அதைச் சீர்படுத்த 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனாலும் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த மேட்டர் இன்றும் கைமாறுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் எழுதியும் லேபிள் தவறினால், தலையில் கோடு விழுந்த சின்ன 'ஏ'யும் வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' குறியும் வரிசை வரிசையாக வரும். அப்படி வந்தால் எழுத்து அழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். குறியீட்டை 'யு.டி.எஃப்-8' என்று மாற்றினால் பெரும்பாலும் தமிழ் திரும்பிவிடும்.

இணைத்து அனுப்பும்போது

எங்கள் வகுப்பில் ஒரு புராஜக்ட் பேட்ச், ஷாஃப்ட் டிராயிங்கை ஒரு லேத் பட்டறைக்கு மெயிலில் அனுப்பியது. பட்டறையில் இருந்தது பழைய ஆட்டோகேட், ஃபைல் திறக்கவில்லை. மறுநாள் நேரில் போனபோதுதான் தெரிந்தது. "தம்பி, கூடவே ஒரு பி.டி.எஃப். போட்டிருந்தா நேத்தே ஓட்டியிருப்பேனே" என்றார் பட்டறைக்காரர். ரிவ்யூவுக்கு நான்கே நாள் இருந்த நேரம் அது.

ஆட்டோகேட் ஃபைல் வடிவம் 2013-ல் ஒரு முறையும் 2018-ல் ஒரு முறையும் மாறியது. பழைய பதிப்பு புதிய வடிவத்தைத் திறக்காது. 'சேவ் ஆஸ்' கொடுத்துப் பழைய வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 'ஈ-டிரான்ஸ்மிட்' என்ற கட்டளை, டிராயிங்குக்கு வேண்டிய எழுத்துரு, இணைப்பு டிராயிங் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டித் தரும்.

வேர்டு ஃபைலில் எழுத்துருவின் பெயர்தான் வழக்கமாகப் போகிறது, எழுத்துரு போவதில்லை. அங்கே அது இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். ஒரு பக்க ரெஸ்யூமே ஒன்றேகால் பக்கம் ஆகும். 1993-ல் அடோபி கொண்டுவந்த பி.டி.எஃப்.பில் எழுத்துருவையும் உள்ளேயே வைத்து அனுப்பலாம். 2008-ல் அது ஐ.எஸ்.ஓ. தரமும் ஆயிற்று.

சில சமயம் நமக்கு வரும் மெயிலில் 'வின்மெயில்' என்ற பெயரில் ஒரு ஃபைல் மட்டும் இருக்கும்; எதிலும் திறக்காது. அனுப்பியவரின் அவுட்லுக் 'ரிச் டெக்ஸ்ட்' முறையில் இருந்ததன் விளைவு இது. ஹெச்.டி.எம்.எல். அல்லது சாதாரண எழுத்து முறைக்கு மாற்றி மீண்டும் அனுப்பச் சொன்னால் போதும். ஐபோனில் எடுக்கும் படங்கள் 2017 முதல் 'ஹெச்.இ.ஐ.சி.' வடிவிலும் வருகின்றன. எல்லாக் கம்ப்யூட்டரும் அதைத் திறப்பதில்லை. ஜே.பி.ஜி.யாக மாற்றி அனுப்புவது நல்லது.

ஃபைலின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை மாற்றினால் ஃபைல் மாறாது. சந்தேகம் வந்தால் நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பாருங்கள். ஜிப் ஃபைல் 'பி.கே.' என்று தொடங்கும். ஆட்டோகேட் 2013 வடிவம் 'ஏ.சி.1027' என்றும் 2018 வடிவம் 'ஏ.சி.1032' என்றும் தொடங்கும். பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள்.

அனுப்பும் முன் ஆறு வேலை

1. செய்தியை எளிய எழுத்தில் எழுதுங்கள். டேபிள், படம் எல்லாம் இணைப்பில் இருக்கட்டும்.

2. படிக்க மட்டும் என்றால் பி.டி.எஃப். அனுப்புங்கள். திருத்த வேண்டியது என்றால் மூல ஃபைலும் பி.டி.எஃப்.பும் சேர்த்து அனுப்புங்கள்.

3. ஃபைலுக்கு உங்கள் பெயர், பிரிவு வருகிற மாதிரி சின்ன ஆங்கிலப் பெயர் வையுங்கள். 'நியூ ஃபைனல் 2' என்ற பெயர் அவர்களுக்கு எதுவும் சொல்லாது.

4. ஓடும் புரோகிராம் ஃபைலை இணைக்காதீர்கள். ஜிப்புக்குள் வைத்தாலும் ஜிமெயில் தடுக்கும். பெரிய ஃபைலுக்கு டிரைவ் லிங்க் கொடுங்கள். எதிரில் இருப்பவருக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

5. என்ன இணைத்திருக்கிறீர்கள், எந்தப் பதிப்பு, எத்தனை ஃபைல் என்று செய்தியிலேயே ஒரு வரி எழுதுங்கள். ஒன்று குறைந்தால் அவர்களுக்கே தெரியும்.

6. முதலில் வேறு மெயில் புரோகிராம் வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்புங்கள். அவர் கம்ப்யூட்டரிலும் போனிலும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆறாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறோம். நம் கம்ப்யூட்டரில் நம் ஃபைல் எப்போதும் திறக்கும்; அது சோதனையே ஆகாது. கேஜ் வைத்துப் பார்க்காத ஜாபை மார்க்குக்குக் கொடுப்போமா? பக்கத்து ரூம் நண்பரின் போன்தான் இங்கே நமக்கு கேஜ். ஐந்து நிமிட வேலை. கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வரும்வரை காத்திருக்காமல், இன்று மாலையே உங்கள் ரெஸ்யூமேயை அவருக்கு அனுப்பி, என்ன தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

— இறுதியாண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு