யுனிக்ஸ் முறைமையில் எதிர்பாராத பயனர் கணக்குகளை ஆராய்தல்

யுனிக்ஸ் ஒரு பல்பயனர் பணிசெயல் முறைமை எனக் கற்றுள்ளீர்கள். அதன் பயனர் கணக்குகள் பாஸ்வேட் எனும் கோப்பில் பட்டியலிடப்பட்டிருக்கும். பத்துப் பேருக்கே கணக்கு வழங்கிய பாடசாலைச் சேவையகத்திலும் அப்பட்டியலில் முப்பது பெயர்கள் காணப்படலாம். பயப்பட வேண்டாம். டீமன், பின், மெயில், நோபொடி போன்றவை ஆட்களின் பெயர்கள் அல்ல; தனது சேவைகளை இயக்குவதற்காக முறைமையே வைத்திருக்கும் கணக்குகள். பெயர் புதிது என்பதற்காக இவற்றை நீக்கினால் சில சேவைகள் செயலிழக்கக்கூடும்.

பெயரை விட இலக்கத்தை நோக்குக. ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளிகளால் 7 புலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 3ஆம் புலம் பயனர் இலக்கமாகும். 0 என்பது ரூட் எனப்படும் முதன்மை நிருவாகிக்குரியது. வேறொரு பெயருக்கும் 0 வழங்கப்பட்டிருப்பின் அக்கணக்குக்கும் ரூட்டின் முழு அதிகாரமும் உண்டு. (ஃபிறீபிஎஸ்டி முறைமையில் இயல்பாகவே 0 இலக்கத்துடன் வந்த தூர் எனும் கணக்கும் இத்தகையதே; ஆனால் அது ஊடுருவலின் அறிகுறியன்று. ரூட்டைத் திருப்பி எழுதிய பெயர் அது!)

உண்மையில் நடந்த ஒன்றைப் பாருங்கள். 1986இல் அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் கணினிப் பாவனைக் கட்டணக் கணக்கு 75 சதத்தால் பொருந்தவில்லை. முறைமையைப் பராமரித்த வானியலாளர் கிளிபோர்ட் ஸ்ரோல் தேடியபோது, கட்டணம் அறவிட முகவரியே இல்லாத ஹன்ரர் எனும் கணக்கு அகப்பட்டது. அது நீக்கப்பட்டது. ஆனால், இங்கிலாந்துக்குச் சென்றுவிட்ட ஒருவரின் பழைய கணக்கினூடாக ஊடுருவல் தொடர்ந்தது. மென்பொருளொன்றின் குறைபாட்டால் ரூட் அதிகாரம் பெற்றவருக்கு ஒரு கணக்குப் போனால் இன்னொன்று! எனவே ஸ்ரோல் வழியை அடைக்காமல், உள்வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, ஊடுருவி தட்டச்சிட்டவற்றைப் பதிவுசெய்தார். தடம் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்றது. இராணுவத் தகவல்களைத் தேடிய மார்க்கஸ் ஹெஸ், சோவியத் உளவுச் சேவைக்காக வேவு பார்த்த குற்றத்துக்கு 1990இல் தண்டிக்கப்பட்டார்.

மாதிரி வினா: பாடசாலைச் சேவையகத்தில் எவரும் அறியாத 'உதவி' எனும் கணக்கின் 3ஆம் புலத்தில் 0 உள்ளது. நீர் முதலில் செய்யவேண்டிய இரண்டு செயல்களைக் குறிப்பிடுக.

விடை: (அ) பொறுப்பாசிரியருக்கு அறிவித்து, சேவையகத்தை வலையமைப்பிலிருந்து துண்டித்தல். (ஸ்ரோலைப் போல இரவுபகலாகக் கண்காணிக்கப் பாடசாலையில் வசதியில்லை.) (ஆ) பாஸ்வேட் கோப்பையும் புகுபதிகைப் பதிவுகளையும் வேறொரு சேமிப்பகத்தில் பிரதிசெய்தல்.

'கணக்கை நீக்குதல்' எனப் பலர் எழுதுவர். அது முதற்செயலன்று, எப்போது, எவ்வாறு நுழைந்தார்கள் என்பதற்கான தடயமும் அத்துடன் அழிந்துபோகலாம்.