ஆட்டோமேட்டிக் வண்டி குலுங்கினால் எங்கே கை வைப்பது?

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னால், சரி என்பதற்கு முன் உங்கள் வண்டியில் இருப்பது ஏஎம்டியா, டார்க் கன்வெர்ட்டரா, சிவிடியா, டிசிடியா என்று தெரிந்துகொள்ளுங்கள். கிளட்ச் பெடல் இல்லை என்பதைத் தவிர இவற்றுக்குள் பெரிய ஒற்றுமை கிடையாது. ஒன்றில் இயல்பாக இருப்பது இன்னொன்றில் கோளாறு.

அதற்கும் முன்னால் இன்ஜினைச் சந்தேகியுங்கள். தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான இக்னிஷன் காயில், அழுக்கேறிய த்ராட்டில் பாடி ஆகியவையும் வண்டியை வெட்டி வெட்டி இழுக்க வைக்கும். ஐடிலிங்கிலும் நடுக்கம் இருக்கிறதா? அப்படியானால் கியர்பாக்ஸின் மீது பழி போட அவசரம் வேண்டாம். டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது 'டொக்' என்று இடித்தால் இன்ஜின் மவுன்ட்டையும் பாருங்கள். ஸ்கேனரில் பி0300 வந்தால் மிஸ்ஃபயர். பி0700 என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல விரும்புகிறது, அதற்குள்ளும் நுழைந்து படிக்க வேண்டும்.

ஏஎம்டி 2014-ல் மாருதி செலெரியோவோடு இந்தியச் சந்தைக்கு வந்தது. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலின் வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. கியர் மாறும்போது இழுவை ஒரு கணம் அறுபட்டு, உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டுவார்கள். இதைச் சரிசெய்யச் செலவழிப்பது வீண். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினாலே பாதி குறையும். முன்பு இல்லாத உதறல் புறப்படும்போது புதிதாக வந்தால்தான் கவலை. முதலில் ஸ்கேனர் போட்டு கிளட்ச் பிடிக்கும் புள்ளியை மறுபடி கற்பிக்கச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிளட்ச் செட்.

டார்க் கன்வெர்ட்டரில்தான் பலர் தேவையில்லாமல் பெரிய பில் கட்டுகிறார்கள். அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது, வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் ஏறியதுபோல் வண்டி நடுங்குகிறதா? ஆளில்லாத சாலையில், வேகம் குறையாத அளவுக்கு பிரேக் பெடலை இடது காலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்போது, கன்வெர்ட்டருக்குள் இருந்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்ச் விடுபடும். நடுக்கம் சட்டென்று நின்றால் சந்தேகம் அந்த லாக்-அப்பின் மேல் விழுகிறது. பல வண்டிகளில் ஆயில் மாற்றினாலே சரியாகிறது. ஒருமுறை வடித்தால் பழைய ஆயிலில் பாதிகூட வெளியே வராது என்பதால், கொஞ்சநாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுவது நல்லது. அழுத்தம் கொடுத்துக் கழுவும் ஃப்ளஷ்ஷை, அதிகம் ஓடிய வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சம்ப்பைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறப் பசை தேய்மானம் மட்டுமே. சில்லுகள் ஒட்டியிருந்தால் ஆயிலால் ஆகாது, பிரித்தே தீர வேண்டும்.

சிவிடியில் படிப்படியான கியர்களே இல்லை. அதனால் குலுக்கல் வந்தாலே உடனே கவனியுங்கள். ஓங்கி மிதித்தால் சத்தம் முதலிலும் வேகம் பிறகும் வருவது அதன் சுபாவம், கோளாறு அல்ல. கம்பெனி சொன்ன சிவிடி ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள். உள்ளிருக்கும் இரும்பு பெல்ட்டில் கீறல் விழுந்தால் செலவு எகிறும்.

இரண்டு கிளட்ச் கொண்ட டிசிடியின், குறிப்பாக டிரை கிளட்ச் வகையின், எதிரி நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துச் சூடாகி உதறும். 2013-ல் ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஜி என்ற தன் டிசிடி கியர்பாக்ஸுக்காகச் சீனாவில் மட்டும் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. முன்வண்டியோடு இடைவெளி விட்டு ஒரேயடியாக நகருங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஆறிய வண்டியும் உதறினால் கிளட்ச்சையும், அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியான மெக்கட்ரானிக்ஸையும் சோதிக்க வேண்டும்.

வாரன்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ்தான்; புகாரை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி முடிந்தபின் ஆட்டோமேட்டிக் மட்டுமே பார்க்கும் பட்டறையைத் தேடுவேன். அங்கே வால்வு பாடியையோ சோலனாய்டையோ தனியாகச் சரிசெய்யும் வாய்ப்பு உண்டு. கம்பெனியில் பெரும்பாலும் முழு கியர்பாக்ஸுக்குத்தான் எஸ்டிமேட் போடுவார்கள்.