கோபுர மணிகள்

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களில் தொலைவிலேயே கண்ணுக்குப் புலனாவது தேவாலயக் கோபுரம். அங்கே தொங்கும் மணிகள் வழிபாட்டிற்கு மட்டும் ஒலித்தவை அல்ல. இரவில் அடுப்பு நெருப்பை அவிக்கும் நேரத்தையும், ஊரார் ஒருவர் உயிர் பிரிவதையும், அறுவடையான வயலில் ஏழைகள் சிந்திய கதிர் பொறுக்கப் புகும் வேளையையும் அவை அறிவித்தன. கடிகாரம் அரிதாயிருந்த காலத்தில் அவையே ஊராரின் நாழிகைக் கருவி.

17-ஆம் நூற்றாண்டில் மணியடித்தல் ஒரு கலையாக வளர்ந்தது. ஒவ்வொரு மணியும் பெரிய மரச்சக்கரம் ஒன்றோடு பிணைக்கப்பட்டது. கயிற்றை இழுத்தால், வாய் மேல்நோக்கி நின்ற மணி கீழிறங்கி, முழுவட்டம் சுற்றி, மீண்டும் மேல்நோக்கி நிற்கும். எடை மிகுந்த அம்மணியைச் சிறிது விரைவுபடுத்தலாம், சிறிது தாழ்த்தலாம், அவ்வளவே. ஆதலின் அதனைக் கொண்டு பாட்டிசைத்தல் அரிது. அதற்கு ஈடாக, மணிகள் ஒலிக்கும் வரிசையை மாற்றி மாற்றி அடித்தனர். ஒருமுறை ஒலித்த வரிசை மீண்டும் வரலாகாது என்பது விதி. மூன்று மணிகளை 6 வகையாகவும், நான்கு மணிகளை 24 வகையாகவும், ஆறு மணிகளை 720 வகையாகவும் அடிக்கலாம். மணிகள் எட்டானால் வகைகள் 40,320 ஆகிவிடும்! ஏட்டைப் பார்த்து அடிக்கும் வழக்கம் இல்லை. அனைத்தும் நினைவிலேயே நிற்றல் வேண்டும். ஃபேபியன் ஸ்டெட்மன் என்பார் 1677-இல் இக்கலைபற்றி நூலொன்று வெளியிட்டார்.

கெண்ட் பகுதியில் லீட்சு என்னும் சிற்றூர் உள்ளது. 1761-இல் அவ்வூர்க் கோபுரத்தில் அந்த 40,320 வகைகளும் ஒலித்தன. ஆட்கள் முறைவைத்துக் கயிற்றைப் பற்றினர். 27 மணி நேரம் ஓசை ஓயவில்லை. 1963-இல் லஃப்பரோவில் எண்மர் ஆள் மாறாமலே அதனை ஏறத்தாழ 18 மணி நேரத்தில் முடித்தனர்.

இத்தகைய மணிகளும் ஒருகால் வாய்மூடி நின்றன. இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூன் திங்களில், பகைவர் படை வந்திறங்கினாலன்றி மணி ஒலிக்கலாகாது என அரசு ஆணையிட்டது. ஞாயிறுதோறும் கேட்ட ஓசை நின்றது. அது கேளாதிருப்பதே நலம் என்னும் நிலை வந்தது. எல் அலமைன் போரில் பெற்ற வெற்றிக்காக 1942 நவம்பர் 15-ஆம் நாள் மணிகள் மீண்டும் முழங்கின. 1943-இல் தடை நீங்கியது.

முதல் உலகப் போரில் மணியடிப்போர் ஏறத்தாழ 1,400 பேர் மடிந்தனர். போர் முடிந்த நூறாம் ஆண்டாகிய 2018-இல், அவர்கள் நினைவாக அத்தனை பேரைப் புதிதாகப் பயிற்றும் முயற்சி நடைபெற்றது. விட்டுப்போன கயிறுகளைப் புதிய கைகள் பற்றின.

இக்கலையில் ஒருவர்க்கு ஒரு மணியே உரியது. தன் முறையில் தவறாதிருத்தலும், பிறர் முறைக்கு இடங்கொடுத்தலுமே அவர் கடமை. ஒருவர் பிழைத்தால் அனைவர் உழைப்பும் வீணாகும். அனைவரும் ஒன்றினால் ஊர் முழுதும் இன்னொலி பரவும்.